கூடப் போகிறவர் யார்?

1

நேற்று மாதத்தின் முதல் சனிக்கிழமை. காலையில் மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா சாப்பிட்டுவிட்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு குடையோடு வாசலுக்கு வந்தேன். என் மனைவி எஸ்தர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“கியாக்டடாவுக்கு.”

“அங்க இனி யாரு இருக்கா?”

குடையை மடக்கி, மறுபடி விரித்தேன். அவள் கேட்டது நியாயம். கியாக்டடா ரங்கூனின் நடுப்பகுதி; அங்கே இருக்கும் ஓர் அரசு அலுவலகத்துக்கு இரண்டு வருடங்களாக மாதந்தோறும் போய்வந்தேன். யாருக்காகப் போனேனோ அவன் போன ஆண்டே இந்த நாட்டை விட்டுக் கப்பலேறிவிட்டான். அவனுடைய காரியமும் சென்ற மாதம் முடிந்தது. ஆனாலும் போனேன். ஏன் போனேன் என்று இன்று ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்து யோசித்தேன். விளங்காததால் எழுதிப் பார்க்கிறேன்.

என் வீட்டுச் சுவரில் மூன்று நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று இங்கிலீஷ், ஒன்று தமிழ், ஒன்று பிறை வளர்வதும் தேய்வதும் குறித்த பர்மிய நாட்காட்டி. எந்தக் காரியம் எந்த மாதத்தில் நடந்தது என்று கேட்டால் மூன்றிலும் சொல்லிவிடுவேன். ஏன் அப்படி நடந்தது என்று கேட்டால்தான் தடுமாற்றம். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

2

எஸ்தரின் தம்பி டேவிட். அக்காளுக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். எங்கள் கல்யாணத்தில் அவன் பால்குடி. ரங்கூனில் பிறந்து, நான் படிப்பித்த மிஷன் பள்ளியிலேயே படித்து, ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றான். ஆற்றுக்கு அக்கரையில் கியாக்தான் என்ற ஊரில் பிறந்த தமிழ்ப்பெண் மேரியைக் கட்டினான். அவளுடைய அப்பா அங்கே மீன் ஏற்றும் படகு வைத்திருந்தவர்.

1964இல் கடைகள் அரசுடைமையானபோது டேவிட்டின் முதலாளி சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்கு முந்தின வாரம் அவர் டேவிட்டிடம், “ஈஸ்டருக்கு இந்தப் பாப்ளின் பீஸ் உனக்கு, பிள்ளைக்குச் சட்டை தை” என்று ஒரு சுருளைத் தனியே எடுத்து வைத்திருந்தார். சீல் வைத்த மறுநாள் டேவிட் பின்கதவு வழியாகப் போய் அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கினான். சந்து முனையில் பிடித்துவிட்டார்கள்.

“என் துணியத்தான எடுத்தேன் அத்தான்?” என்று போலீஸ் ஸ்டேஷன் கம்பிக்குள்ளிருந்து கேட்டான்.

“போன வாரம் உன்னுது. இப்ப இல்லலே.”

“நடுவுல நான் யாருக்கும் குடுக்கலியே?”

இதற்கு என்ன பதில்?

நீதிபதி இளகிய மனம் உள்ளவர். முதல் குற்றம், இளம் வயது, கைக்குழந்தை. சிறைக்கு அனுப்பாமல் இரண்டு வருட நன்னடத்தைப் பிணையில் விட்டார். மாதம் ஒருமுறை மேற்பார்வை அதிகாரி முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் வேலையோ வீடோ ஊரோ மாற்றக் கூடாது. அப்படித்தான் அந்த அதிகாரி, ஊ மியா மௌங், எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்; ‘ஊ’ என்றால் இங்கே நம் ‘திரு’ மாதிரி. கியாக்டடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி, சூலே பகோடாவைச் சுற்றும் பஸ்களின் இரைச்சல் ஏறிவரும் அறை. ஒடிசலான மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட லுங்கி. டேவிட்டை அவர் எதுவும் விசாரிக்கவே இல்லை. தேநீர் வரவழைத்து, “இந்த மாதம் என்ன செய்தாய், சொல்” என்பார். அவ்வளவுதான். டேவிட் சொல்வான். முதல் மாதம் இரண்டு வாக்கியம். நாலாவது மாதம் தேநீர் ஆறும்வரை சொன்னான்.

மாதந்தோறும் டேவிட்டை அழைத்துப் போகும் நான் வாத்தியார் என்பதால் அவர் என்னை ‘சயா’ என்றார். பர்மியர் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். என் பர்மிய மொழி புத்தக மொழி. மளிகைக்கடையில் நான் பேசினால் பிரசங்கம் கேட்பதுபோல் நிற்பார்கள். அதனால் என் மகள் லில்லியைத் துணைக்குக் கூட்டிப்போவேன். அவள் கல்லூரியில் படிக்கிறாள். கனவில்கூட பர்மியம்தான் பேசுகிறாள் என்று எஸ்தர் சொல்லுவாள். எங்களிடம் தமிழில் தொடங்குகிற வாக்கியத்தை அவள் முடிப்பது பர்மியத்தில்; இங்கே அவள் பேச்சை முழுதும் தமிழாக்கியே எழுதுகிறேன்.

3

கடை போன பிறகு டேவிட்டுக்கு ரங்கூனில் வேலை அகப்படவில்லை. மாமனாருடைய படகில் ஆள் வேண்டியிருந்தது. குடும்பத்தோடு கியாக்தானுக்குப் போக வேண்டும் என்றான். ஆற்றைத் தாண்டி பஸ் பிடித்தால் எட்டிவிடும் ஊர். ஆனால் மேற்பார்வையில் இருப்பவன் அப்படிப் போய்விட முடியாது. அவனைப் பார்க்கும் பொறுப்பு கியாக்டடா அலுவலகத்திடமிருந்து கியாக்தான் அலுவலகத்துக்கு மாற வேண்டும்.

இதில் எனக்கு ஒன்று புதிதாகத் தெரிந்தது. அனுப்புகிறவர் ‘இனி எங்கள் ஆள் இல்லை’ என்று எழுதுவதற்கும், வாங்குகிறவர் ‘இனி எங்கள் ஆள்’ என்று எழுதுவதற்கும் நடுவில் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில் மனிதன் எங்கே இருப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஊ மியா மௌங் எழுதி அனுப்பிவிட்டார். டேவிட் மூட்டை கட்டிக்கொண்டு கியாக்தான் போனான். அங்கே பத்து வீட்டுக்கு ஒருவராக அரசு வைத்திருக்கும் தலைவர், “தபால் வரவில்லை. வரும்வரை நீ எங்கள் பேட்டையில் தங்கக் கூடாது” என்றார். இங்கே ஒரு வழக்கம். வீட்டில் வெளியாள் ஓர் இரவு தங்கினாலும் பேட்டை அலுவலகத்தில் பெயர் சொல்லிவிட வேண்டும். டேவிட் பஸ் ஏறி ரங்கூனுக்கே வந்தான். எங்கள் வீட்டில் தங்கப் பெயர் சொல்லப் போனேன். பேட்டை எழுத்தர், “இவரைத்தான் போன வாரம் கியாக்தானுக்கு அனுப்பிப் பெயரை அடித்துவிட்டோமே. இங்கே இருக்க முடியாதே” என்றார்.

“இங்கேதானே இருக்கிறான்? இதோ நிற்கிறான்” என்றேன், என் புத்தக பர்மியத்தில்.

எழுத்தர் டேவிட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இருக்கிறார்தான் சயா. ஆனால் அது சரியில்லை.”

டேவிட் சிரித்துவிட்டான். “அத்தான், நான் பாதி ஆத்துல நிக்கேன். ரெண்டு கரையும் வேண்டாங்குது.”

கடைசியில் எஸ்தர்தான் வழி கண்டாள். பேட்டை அலுவலகத்துக்கு நேரே போய், “அக்கா வீட்டுக்குத் தம்பி விருந்துக்கு வந்திருக்கான். விருந்தாளின்னு எழுதிக்கிடுங்க. எப்பப் போவான்னு விருந்தாளியக் கேக்க முடியுமா?” என்றாள். எழுதிக்கொண்டார்கள். பிறந்த ஊரில், சொந்த அக்காள் வீட்டில் டேவிட் விருந்தாளியாக இருந்தான். ஒருவழியாகக் கியாக்தானிலிருந்து பதில் வந்தபோது அக்டோபர் மாதத் தாடிங்யுட் பண்டிகை விளக்குகள் ஏற்றி இறக்கியாகிவிட்டது. அங்கிருந்த அதிகாரி பிறகு மாற்றலாகிப் போனதால், சில மாதத்தில் டேவிட்டின் காகிதக் கட்டு மறுபடி ஊ மியா மௌங்கிடமே வந்து சேர்ந்தது. கியாக்தான் ஆள், கியாக்டடா அதிகாரி. எனக்கு அதுவும் விளங்கவில்லை. டேவிட்டுக்கு மகிழ்ச்சி. தேநீர் நல்ல தேநீர்.

4

அடுத்த வருடம், 1965, இந்தியாவுக்குப் போகும் கப்பல் பேச்சு எல்லா வீட்டிலும் இருந்தது. எங்கள் தெருவில் காலை வேளையில் பலகைப் பெட்டி அடிக்கும் சத்தம் கேட்காத நாள் இல்லை. மேரியின் அப்பா படகை விட்டுவிட்டு முன்னமே போய்விட்டார். மேரி, டேவிட், பிள்ளை மூவருக்கும் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. அந்த இடத்தை விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. டேவிட் மட்டும் நின்றால் மேரி கைப்பிள்ளையோடு தனியாகப் போக வேண்டும்; இல்லையென்றால் மூவரும் நிற்க வேண்டும். இங்கே வேலை இல்லை, படகும் இல்லை.

இத்தனை நாளும் ‘ஊருக்குத் திரும்புகிறார்கள்’ என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். டேவிட் சென்னையைப் பார்த்ததே கிடையாது. மேரியும் அப்படியே. முன்பின் பார்த்திராத இடத்துக்கு எப்படித் திரும்புவது?

ஊ மியா மௌங்கிடம் போய்ச் சொன்னோம். அவர் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டார். தலை நரைத்த மனிதர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்த மேசையில் இருப்பவர். இருவரும் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள்.

“ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றலாம்” என்றார் எழுத்தர். “ஷான் மாநிலத்துக்கு மாற்றலாம். கச்சின் மாநிலத்துக்கும் மாற்றியிருக்கிறோம். இவர் போவது எந்த மாநிலம்?”

“சென்னை மாநிலம்” என்றேன்.

எழுத்தர் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனார். எதைத் தேடுகிறார் என்று எனக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது. ஷான், கச்சின் வரிசையில் சென்னையைத் தேடுகிறார். லில்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை. 1935இல் வாத்தியார் வேலைக்கு நான் சென்னையில் கப்பலேறியபோது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம்தான். துறைமுகத்தில் என்னை யாரும் எந்த நாட்டுக்காரன் என்று கேட்கவில்லை. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து, நான் கரும்பலகையில் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தபோது, இது வேறு நாடாகிவிட்டது. டேவிட்டைத் தண்டித்த சட்டப் பிரிவும் அந்தக் காலத்தில் இரண்டு இடத்துக்கும் பொதுவாக எழுதியதுதான். சட்டம் ஒன்றாகவே இருக்கிறது, நடுவில் கடல் மட்டும் வேறு நாட்டுக் கடலாகிவிட்டது.

எழுத்தர் பெருமூச்சோடு புத்தகத்தை மூடினார். “முன்னே என்றால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும் சயா. இப்போது இதற்கு விதியே இல்லை. போகக்கூடாது என்றும் இல்லை, போகலாம் என்றும் இல்லை.”

ஊ மியா மௌங் டேவிட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம், “விதியை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். இவனோடு கூடப் போகிறவர் யார்? அவரைக் கூட்டி வாருங்கள், ஒப்படைக்கிறேன்” என்றார்.

5

நாங்கள் உடனே வேலையில் இறங்கினோம். முதலில் எங்கள் சபையின் மூப்பரைக் கூட்டிப்போனேன். பெரிய மனிதர், கோட்டுப் போட்டு வந்தார். டேவிட்டின் தகப்பனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தை அறிவேன் என்று உருக்கமாகப் பேசினார். ஊ மியா மௌங் பணிவாகக் கேட்டுக்கொண்டார். தேநீர் கொடுத்தார்.

“ஐயா கப்பலில் போகிறாரா?”

“இல்லை. ஆனால் இவர் சொன்னால் ஆயிரம் பேர் சொன்ன மாதிரி” என்றேன்.

“நல்லது. கூடப் போகிறவர் யார்?”

அடுத்த முறை, துறைமுகத்தில் பெரிய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கூட்டிப்போனோம். அவர் சட்டப் பிரிவுகளை மனப்பாடமாகச் சொன்னார். தேநீர் வந்தது. “ஐயா போகிறாரா?” இல்லை. மூன்றாவது தடவை பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு பெரியப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் வந்து அழைத்துக்கொள்வார் என்றேன். ஊ மியா மௌங் நெற்றியைத் தேய்த்தார். “அது போய்ச் சேர்ந்த பிறகு, சயா. நான் கேட்பது, கூடப் போகிறவர்.”

வெளியே வந்ததும் டேவிட் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். “என்னதான் வேணுங்கிறாரு அத்தான்? எத்தன பெரிய மனுசங்களக் கொண்டாந்து நிறுத்திட்டோம். இன்னும் யாருதான் வேணும் இவருக்கு?”

“லில்லி, அவரு சரியா என்னதான் கேட்டாரு?”

“கூடப் போறவர் யாருன்னு கேட்டாரு” என்றாள் லில்லி.

“அதுக்குத்தான பதில் சொல்லிக்கிட்டிருக்கோம்?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, தோளைக் குலுக்கிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

கப்பலுக்கு முந்தின வாரம். அன்று பேட்டை அலுவலகத்திலும் வேலை இருந்ததால் மேரியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மாடி வராந்தா பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஆண்கள் உள்ளே போனோம். இம்முறை என்னோடு சபைப் போதகர். ஊ மியா மௌங் அவரை வணங்கினார். அவர் பேசத் தொடங்குவதற்குள் வெளியே பிள்ளை வீரிட்டு அழுதது. ஊ மியா மௌங் எட்டிப் பார்த்தார்.

“அது யார்?”

“இவன் மனைவி” என்றேன்.

“அவர் போகிறாரா?”

“ஆமாம், அவளுக்கும் பிள்ளைக்கும் இடம் கிடைத்துவிட்டது. அதனால்தான்…”

அவர் பேனாவை மேசையில் வைத்தார். கோபப்பட்டு நான் பார்த்திராத மனிதர். அன்றும் கோபம் என்று சொல்ல முடியாது. ஏதோ தன்னிடமே தப்பு இருப்பதுபோல் முகம் சுருங்கியது.

“சயா, இத்தனை நாளும் நான் யாரைக் கேட்டேன்?”

பர்மிய வீடுகளில் பெட்டிச் சாவியும், பேரமும், வழக்கும் பெண்கள் கையில் இருப்பதை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். சந்தையில் கடை போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள். அது அவர்கள் வழக்கம் என்று என் குறிப்பேட்டில்கூட எழுதியிருக்கிறேன். எழுதியதைக் கொண்டு எங்கள் வீட்டுக்குள் பார்க்கத் தோன்றவில்லை. ஜாமீன் என்றால் ஆண், அதிலும் வயதானவர், முடிந்தால் கோட்டுப் போட்டவர் என்றே எங்கள் புத்தி ஓடியிருக்கிறது. பொறுப்பேற்கிறவர் என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. கூடப் போகிறவர் என்றார். அது அவருக்கு மேரிதான் என்பது வெயில்போலத் தெரிந்திருக்கிறது; அவளை மறைத்து வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களை ஏன் இழுத்து வருகிறோம், அவளுக்கும் இவனுக்கும் ஏதோ மனத்தாங்கலோ என்று அவரும் குழம்பியிருக்கிறார்.

மேரியை உள்ளே கூப்பிட்டார்கள். கியாக்தான் பெண்ணுக்கு பர்மிய மொழி எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரும். பிள்ளையை டேவிட் கையில் கொடுத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். போதகர் நின்றார்.

“இவர் குடிப்பாரா?”

“கல்யாண வீடுன்னா.”

“கோபம் வருமா?”

“சோறு பிந்தினா வரும். தின்னதும் போயிடும்.”

“வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவாரா?”

“யாருக்குக் கொடுக்கிறாருங்கிறதப் பொறுத்து.”

அங்கிருந்த தலைமை எழுத்தர் சிரித்தே விட்டார். ஊ மியா மௌங் சிரிக்கவில்லை. “மாதத்தின் முதல் சனிக்கிழமை இவர் உங்கள் முன்னால் உட்கார வேண்டும். அந்த மாதம் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. கேட்டு முடித்தபின் நலம் என்றால் நலம் என்று சயாவுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். சயா வந்து எனக்குச் சொல்லுவார். ஏற்றுக்கொள்கிறீர்களா?”

மேரி திரும்பி டேவிட்டைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். “ஏத்துக்கிடவா?”

“ம்.”

“ம்முன்னா? சரியாச் சொல்லும்.”

டேவிட் எழுத்தரைப் பார்த்தான், போதகரைப் பார்த்தான், அக்காள் புருஷனான என்னைப் பார்த்தான். பிள்ளை அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. “ஏத்துக்கம்மா” என்றான்.

ஊ மியா மௌங் எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஒரு பொருளைக் கொடுப்பதுபோல டேவிட்டை நோக்கிக் கை காட்டி, மேரியிடம், “ஒப்படைத்தேன்” என்றார். அனுமதிக் கடிதத்தில் ‘மேற்பார்வை மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

எங்கே மாற்றப்பட்டது என்று யாராவது கேட்டால்? இதைப் பின்னால் ஒருநாள் கேட்டேன். “குடும்பத்துக்கு என்று சொல்வேன்” என்றார். அது சட்டமா, வழக்கமா, அந்த மனிதருடைய நல்ல மனமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று பஸ்ஸில் லில்லி சொன்னாள்: “எனக்கு முதல் நாளே தெரியும்.”

“ஏட்டி, தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க, அவரு என்ன சொன்னாருன்னுதான் கேட்டீங்க அப்பா. என்ன நெனைக்கிறாருன்னு கேக்கல.” சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் எங்களுக்கும் இந்த ஊருக்கும் நடுவில் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று அன்று முதல்தடவையாக எனக்கு ஐயம் வந்தது.

6

அவர்கள் போனார்கள்; அங்கே டேவிட்டுக்கு ஒரு மில்லில் வேலை கிடைத்தது. மாதாமாதம் கார்டு வந்தது. ‘பார்த்தேன், நலம், மேரி.’ அதிகம் எழுதமாட்டாள். கார்டைத் தபாலில் போடுகிறவன் டேவிட்டே. நான் முதல் சனிக்கிழமை கியாக்டடாவுக்குப் போய், ‘நலம்’ என்பேன். ஊ மியா மௌங் தேநீர் வரவழைப்பார். என் பள்ளியும் இதற்குள் அரசுப் பள்ளியாகி, பெயர் போய் எண் வந்துவிட்டது. வகுப்பறை அதே வகுப்பறை.

இந்த வருடம் ஆனி மாதத்தில் டேவிட்டின் இரண்டு வருடம் முடிய இருந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கப்பல் வந்தது. அதில் சமையல் வேலை பார்க்கும் அந்தோணி என்கிற தூத்துக்குடிக்காரர் ஒரு கருப்பட்டிப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தார்.

“மேரியம்மா குடுத்து விட்டாக சார். கூட ஒரு சேதியும் சொல்லச் சொன்னாக. எழுத முடியாதாம். நான் நாலு தரம் ஒப்பிச்சுக் காட்டின பொறவுதான் விட்டாக.” கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “‘அவரு ஒழுங்காத்தான் இருக்காரு. ஆனா முடிச்சிராதீங்க. இன்னும் ஒரு வருசம் நீட்டித் தரச்சொல்லி அந்த ஐயாகிட்டக் கேளுங்க.’ அம்புட்டுத்தான் சார்.”

எஸ்தர் முறத்தைக் கீழே வைத்தாள். “பாத்தீங்களா, எந்தம்பிக்கு இவ சிறைவாசம் கேக்கா!”

“இருங்கம்மா, இன்னும் இருக்கு” என்றார் அந்தோணி. மறுபடி கண்ணை மூடினார். “‘மில்லுல அவரு பேச்சக் கேட்டுச் சிரிக்காங்க. பர்மாக்காரன்னு கூப்பிடுதாங்க. வீட்டுக்கு வந்தா செவரப் பாத்துக்கிட்டு இருக்காரு. சனிக்கிழம மட்டுந்தான், சொல்லணுமேன்னு வாயத் தொறக்காரு. அன்னைக்குப் பூரா பேசுதாரு. அத நிறுத்திட்டா அதுவும் போயிரும்.’ இப்ப முடிஞ்சிது சார்.”

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முதல் சனிக்கிழமை அதை அப்படியே ஊ மியா மௌங்கிடம் சொன்னேன். பாதிவரை கேட்டுச் சிரித்தார். மீதியைக் கேட்டபின் எழுந்து போய்ச் சன்னலருகே நின்றார்.

“தப்புச் செய்தவனுக்கு நீட்டலாம், சயா. ஒழுங்காக இருந்தவனுக்கு எப்படி நீட்டுவது?”

“முடியாதா?”

“இன்று முடித்து எழுதுகிறேன். எழுதியே ஆக வேண்டும்.” எழுதினார். கட்டைச் சுற்றி நாடா கட்டினார். கட்டியபின் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, “நான் முடித்துவிட்டேன். நீங்கள் இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை” என்றார்.

இது என்னவிதமான பேச்சு? வீடு திரும்பும்வரை மண்டைக்குள் அதுவே சுற்றியது. ஒரு மனிதன் விடுதலையாகிவிட்டான். அதை அவனிடம் சொல்லாமல் இருந்தால், இல்லாத கட்டுக்குள் அவனை வைத்திருக்கிறேன். சொன்னால், அவன் பேசுகிற ஒரே நாளையும் பிடுங்குகிறேன். எது சரி? செவ்வாய்க்கிழமை கப்பல் புறப்படுகிறது. அந்தோணி பதிலுக்குக் காத்திருக்கிறார்.

ஞாயிறு மத்தியானம் சோற்றுக்கு முன்னால் எஸ்தரும் நானும் இதையே தர்க்கித்தோம். அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றேன். சொல்லக்கூடாது என்றாள். பிறகு நான் வேண்டாம் என்றேன், அவள் வேண்டும் என்றாள். லில்லி மீன்முள்ளை எடுத்துக்கொண்டே, “எதுக்கு நீங்க ரெண்டு பேரும் தீர்மானிக்கிறீங்க?” என்றாள். “மேரி அத்தைக்குச் சொல்லுங்க. மாமாவ அவங்ககிட்டத்தானே ஒப்படைச்சாரு. இப்ப அதிகாரி அவங்கதான்.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். இம்முறை நான், அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

செவ்வாய் காலை மழையில் துறைமுகத்துக்குப் போய் அந்தோணியைப் பிடித்தேன்.

“அந்தம்மாகிட்டத் தனியாச் சொல்லணும். டேவிட் இல்லாதப்ப.”

“சொல்லுங்க சார்.”

“இங்க ஐயா முடிச்சு எழுதிட்டாரு. விடுறதும் வச்சிக்கிடுறதும் இனி அவ இஷ்டம்.”

“எத சார் விடுறது?”

“அவளுக்குத் தெரியும்.”

அந்தோணி கண்ணை மூடி மூன்று தரம் ஒப்பித்தார். நாலாவது தரத்துக்குள் மேலே இருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

7

பதில் இன்னும் வரவில்லை. நேற்று நான் கியாக்டடாவுக்குப் போனது அதனால் இருக்கலாம் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதில் வந்தால் வீட்டுக்குத்தான் வரும், அந்த அலுவலகத்துக்கு வராது என்பதும் தெரியும்.

மாடிப்படி ஏறிப்போய் நின்றேன். ஊ மியா மௌங் எதிரில் ஆள் இல்லை. டேவிட்டின் கட்டு மேசையில் இல்லை. கீழே முடிந்த கட்டுகளை வைக்கும் அறைக்குப் போயிருக்கும். என்னைக் கண்டதும் அவர் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஏவல் பையனைக் கூப்பிடாமல் தானே எழுந்து தேநீர் ஊற்றினார்.

“கார்டு வந்ததா?”

“இல்லை.”

“வரும்.”

கீழே பஸ்கள் சூலேயைச் சுற்றிக்கொண்டிருந்தன. மழை சன்னல் கம்பியில் கோடாக இறங்கியது. நான் டேவிட் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“சயா, இந்த மாதம் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.”

ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன். பள்ளி, ஆராதனை, மூன்று நாட்காட்டியிலும் தாள் கிழித்தது. பிறகு, என் மகள் கடைசியாக எப்போது என்னிடம் ஒரு வாக்கியத்தைத் தமிழிலேயே முடித்தாள் என்பதில் தொடங்கினேன். தேநீர் ஆறிப்போயிற்று.